உப்பு நீரும் உன் பீரோவும்

அம்மணி,

இன்று காலை கெண்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். அதன் மூக்கு நுனியில் பச்சை பூத்திருந்தது. பித்தளையில் உப்பு நீர் தங்கினால் அப்படித்தான் ஆகும். வேதியியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இது தெரியாதா? வெள்ளிக்கிழமைகளில் நீ தேய்க்கும்போது பக்கத்தில் நின்று அந்தப் பச்சை எப்படி உண்டாகிறது என்று விளக்குவேன். "வெளக்கம் சொல்ற நேரத்துக்கு ஒரு கை தேய்ச்சுக் குடுத்தா ஆகாதுங்களா?" என்பாய். இன்று நானே தேய்த்தேன். தேய்க்கும்போது புளியின் வாசனை வந்தது. ஊறிய பழைய புளியின் கூர்மையான, இனிப்புக் கலந்த வாசனை.

அடைத்துக் கிடந்த மூக்கு திறந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். புளி மணக்கிறது. சாக்கடை மணக்கிறது. அடுத்த வீட்டில் தாளிக்கிற கடுகு மணக்கிறது. இந்த மூக்கை நான் எதற்காகத் திரும்பக் கேட்டேனோ அது மட்டும் இல்லை. உன் சேலைகளில் மிச்சம் இருக்கும் உன் வாசனையை ஒரு முறை முகர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும் என்பது உனக்குத் தெரியும்.

பீளமேட்டில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே என் மூக்கு எனக்கு எதிரி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மில். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் முருங்கைமரத்தின் கிளைகளில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கக் காலி மனையில் பார்த்தீனியம் இடுப்புயரம் பூத்து நிற்கும். இவை போதாதென்று கல்லூரியில் நாள் முழுக்கச் சுண்ணக்கட்டித் தூள். விடிந்து எழுந்தால் தும்மத் தொடங்குவேன். பக்கத்து வீட்டு ராஜம்மா சுவருக்கு அப்பாலிருந்து தன் வீட்டுக்காரரை எழுப்புவாள்: "எந்திரீங்க, சார் தும்மிப்போட்டாருங்க, மணி ஆறாயிருச்சு!" நீயும் சேர்ந்து சிரிப்பாய். எனக்குக் கண்ணுக்குக் கீழே எலும்புக்குள் ஈயத்தை ஊற்றி வைத்ததுபோல் கனக்கும். குனிந்து செருப்பு மாட்ட முடியாது.

தொண்ணூற்று மூன்றிலோ நாலிலோ, நான் ஓய்வு பெற்ற பிறகு, மூக்கு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே எலும்பு வளைந்திருக்கிறது, சைனஸ் அறைகளில் சளி கட்டியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.  தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது நீ, "கத்தி வெக்கறதுக்கு முன்னால வேற வழி ஒண்ணு பாத்துக்கலாமுங்க" என்றாய்.

அந்த வழியை முழங்கால் வலிக்காக நீ போய்க்கொண்டிருந்த கல்யாண மண்டப யோகா வகுப்பிலிருந்து கொண்டுவந்தாய். ஒரு மூக்கில் உப்பு நீரை ஊற்றி மறு மூக்கு வழியாக விடுவது. ஜலநேத்தி என்று பெயரும் சொன்னாய். நான் சிரிக்கக்கூட இல்லை, பயந்துவிட்டேன். அடுத்த நிமிடம் பூஜை மாடத்திலிருந்து கெண்டியை எடுத்து வந்து நின்றாய்.

"அது சாமிக்கு அபிஷேகம் பண்ணுற கெண்டியல்லவா?"

"சாமிக்கு நான் வேற வாங்கித் தாரேன். சாமி என்ன, காத்தால எந்திரிச்சுத் தும்முதுங்களா?"

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பையன்களுக்கு நீச்சல் பழக்குவதென்றால் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மேட்டிலிருந்து தள்ளிவிடுவார்கள். என் குடுக்கை அவிழ்ந்துகொண்டது. மூக்கு வழியாக ஏறிய அந்தத் தண்ணீர் மண்டைக்குள் பற்றியெரிந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. எல்லாரும் நீந்தக் கற்றார்கள். நான் படிக்கக் கற்றேன்.

பின்வாசலில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் என்னை உட்கார வைத்தாய். குழாயைத் திறந்து கெண்டியில் பிடித்தாய். உப்பு போடவில்லை. காய்ச்சவும் இல்லை.

"உப்பு வேண்டும் என்றாயே?" என்றேன்.

"அதெல்லாம் வேற ஊர்க்காரங்களுக்குங்க. நம்முளுது சிறுவாணித் தண்ணி. இத்தன ருசியான தண்ணியில உப்பக் கொட்டிக் கெடுக்கறதுங்களா?"

"காய்ச்சவாவது…"

"காய்ச்சினா ருசி போயிருமுங்க."

மூக்குக்கு ருசி எதற்கு என்று கேட்க நினைத்தேன். உப்பில்லாத நீர் மூக்கின் மெல்லிய தோலில் பட்டால் எரியும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குக் காரணத்தைப் படம் போட்டே விளக்குவேன். ஆனால் நீ சொன்ன உறுதியில், ஒருவேளை சிறுவாணிக்கு அந்த விதி பொருந்தாதோ என்று ஒரு கணம் நானும் நினைத்துவிட்டேன். கோயமுத்தூர்க்காரன் புத்தி.

ஊற்றினாய். நான் போட்ட சத்தத்தில் காக்கைகள் எழுந்து பறந்தன. வாளி உருண்டது. சுவருக்கு மேல் ராஜம்மாவின் தலை தெரிந்தது.

"ஏனுங்கக்கா, சாருக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அபிஷேகம் நடக்குது."

உனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எனக்கு எரிச்சலில் கண்ணில் தண்ணீர். அன்று மாலையே வகுப்பு நடத்திய அம்மாளிடம் போய்க் கேட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். "சிறுவாணியா இருந்தாலும் கொதிக்க வெச்சு ஆற வெக்கோணுமாம். உப்பும் போட்டே ஆகோணுமாம். அந்தம்மா நெம்பத் திட்டிப்போட்டாங்க."

அதன்பிறகு உப்பை அளப்பதில் நமக்குள் ஒரு வழக்கு. லிட்டருக்கு ஒன்பது கிராம் என்று நான் தராசைத் தேடுவேன். அதற்குள் நீ ஆறிய தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாய்.

"கண்ணீரு மாதிரி இருக்கோணுமுங்க. அவ்வளவுதான் அளவு."

"கண்ணீரின் ருசி உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களக் கட்டிட்டு வந்து இத்தன வருசமாச்சு, தெரியாதுங்களா?"

ஒருநாள் உனக்குத் தெரியாமல் உன் கலவையை எடுத்து வைத்து, என் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாக்குக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தராசைப் பரணில் போட்டிருப்பாய்.

முதல் வாரங்களில் தலையைச் சாய்ப்பதற்கே எனக்கு உடம்பு நடுங்கும். நீ பின்னால் நின்று பிடரியில் கையை வைத்துக்கொள்வாய். அழுத்தமாட்டாய், தாங்கிக்கொள்வாய். "வாயில மூச்சு உடுங்க. வாயில. நான் புடிச்சுட்டிருக்கறனுங்கல்ல." வெதுவெதுப்பான நீர் ஒரு பக்கம் நுழைந்து, மூக்குக்குப் பின்னால் எங்கோ திரும்பி, மறு பக்கம் நூலாக வழியும். எரியவில்லை. கிணற்றின் நினைவுகூட வரவில்லை. முடிந்ததும் குனிய வைத்து மெதுவாக மூக்கைச் சிந்தச் சொல்வாய். தோளில் கிடக்கும் உன் துண்டாலேயே என் முகத்தைத் துடைப்பாய்.

அலர்ஜி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பார்த்தீனியம் பூத்தால் தும்மினேன். ஆனால் கண்ணுக்குக் கீழிருந்த ஈயம் கரைந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். பிறகு ஒரு நாள் காலை நீ காப்பியோடு வந்தாய். காப்பியின் மணம் வருவதற்கு முன்னால் உன் மணம் வந்தது. கஞ்சி போட்ட நூல்சேலை, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், நெற்றியில் தேய்த்திருந்த நீலகிரித் தைலம். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. அதற்குச் சூத்திரம் எதுவும் எழுத முடியாது. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனைவியை அன்றுதான் முதன்முறையாக முகர்ந்தேன்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஒன்றுமில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது."

"இன்னும் குடிக்கவேயில்லையே நீங்க!"

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த வாரத்தில், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது எனக்குக் கடும் ஜலதோஷம். மாலைகள் குவிந்தன, ஊதுபத்தி புகைந்தது, பன்னீர் தெளித்தார்கள். ஒன்றும் எனக்கு எட்டவில்லை. உன் நெற்றியருகே குனிந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒருவரைப் பார்ப்பது போலிருந்தது. யாரோ தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். நானும் நகர்ந்துவிட்டேன்.

பிறகு கெண்டியைத் தொடவில்லை. தலையைச் சாய்த்தால் பிடிக்க யார் இருக்கிறார்கள்? மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. அடைத்தால் அடைக்கட்டும் என்று விட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் உன் அக்கா பீரோ சாவியைக் கேட்டார். "போனவங்க சேலைய ஊட்டுல வெச்சிருக்கப்படாதுங்க மாப்ள. நாலு பேருக்குக் குடுத்தாத்தான் அவளுக்கு நல்லது." நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். நம் சாந்திதான் பீரோவைத் திறந்தாள். மேலே இருந்த பச்சைக்கரைச் சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "அப்பா, அம்மா வாசம் அப்படியே இருக்குதுங்கப்பா. இங்க வந்து பாருங்க."

நானும் போனேன். அதே சேலையில் முகத்தைப் புதைத்தேன். துணி என் கன்னத்தில் பட்டது. வேறொன்றும் இல்லை. என் மகள் அங்கே உன்னோடு இருந்தாள். நான் ஒரு துணியோடு இருந்தேன்.

உன் அக்கா சேலைகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். "வேண்டாங்க" என்றேன்.

"என்னங்க வேண்டாம்?"

"குடுக்க வேண்டாங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சாந்தி மட்டும் அந்தப் பச்சைக்கரைச் சேலையைக் கேட்டாள். மகளுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? மற்றவற்றை உள்ளே வைத்துப் பூட்டினேன். சாவி அன்றிலிருந்து என் அரைஞாணில்தான் இருக்கிறது.

இனி அவற்றைக் காப்பாற்ற வேண்டும். மழைக்காலம், பூச்சி பட்டுவிடும். எனக்குத் தெரிந்த முறைப்படி செய்தேன். பொட்டலத்தில் அந்துருண்டை வாங்கிவந்து, மடிப்புக்கு ஒன்றாக, மூலைக்கு ஒன்றாக, ஒழுங்காக வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தினேன். அன்று எனக்கு உன் விஷயத்தில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த நிம்மதி இருந்தது.

அதற்கப்புறம் மூக்கைத் திறப்பது ஒன்றே என் வேலை. வாசனை என்பது நிற்கிற பொருள் அல்ல. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். அது தீர்வதற்குள் என் மூக்கு திறக்க வேண்டும். சொட்டு மருந்து போட்டேன். மாத்திரை விழுங்கித் தூங்கித் தூங்கி விழுந்தேன். ஆவி பிடித்து மூக்கு நுனி வெந்தது. டாக்டரிடம் போய், அந்த ஆபரேஷனை உடனே செய்துவிடுங்கள் என்றேன். கத்திக்குப் பயந்து சோறு உண்ணாதவன், அம்மணி, அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இப்ப உங்க உடம்பு தாங்காதுங்க. முன்ன உப்புத் தண்ணி ஊத்தினீங்களே, அதை ஏன் விட்டீங்க?" என்றார்.

விட்டதற்குக் காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

கெண்டியை எடுத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தேன். தராசை எடுக்கப் போனவன், வேண்டாம் என்று ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அளவு தெரிந்தது. இப்போது எனக்கு அந்த ருசி நன்றாகவே தெரியும். தலையைச் சாய்த்தேன். கழுத்து வழியாகச் சட்டைக்குள் வழிந்ததே அதிகம். மூக்குக்குள் போனதும் அடைப்பில் முட்டித் திரும்பியது. இருமிக்கொண்டே சுவரைப் பிடித்து நின்றேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும்.

மாசி மாதம் ஒரு காலை அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. நான் முன்னறையில் இருந்தேன். தீய்ந்த வாசனை என்னிடம் வந்தது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தேன். பூட்டோடு போராடினேன். கதவைத் திறந்தேன்.

அந்துருண்டை முகத்தில் அறைந்தது.

ஆய்வுக்கூடத்துப் பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அதே நெடி. ஒவ்வொரு சேலையாக எடுத்தேன். மடிப்பைப் பிரித்து உள்ளே முகம் வைத்தேன். அந்துருண்டை. ரவிக்கைகள், அந்துருண்டை. அடித்தட்டில் நீ சுருட்டி வைத்திருந்த ஸ்வெட்டர், அந்துருண்டை. நான் வைத்தது. மூலை தவறாமல் நானே வைத்தது. வைத்தபோது அதன் நெடி எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் அது இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. படித்தவன்!

வீடு முழுக்கத் தேடினேன். தலையணை உறையையும் உன் துண்டையும் சாந்தி துவைத்துப் போட்டிருந்தாள். சீப்பை அன்றே தூக்கி எறிந்திருந்தார்கள். உன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை முகர்ந்தேன், கைப்பையை முகர்ந்தேன், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய குடையை முகர்ந்தேன். பிறகுதான் பச்சைக்கரைச் சேலை நினைவுக்கு வந்தது. ஈரோட்டில் இருக்கும் சாந்திக்குப் போன் போட்டேன்.

"சாந்தி, அந்தச் சேலை எங்கே இருக்கிறது?"

"எந்தச் சேலைங்கப்பா?"

"அம்மாவுடையது. பச்சைக்கரை. நான் இப்பவே பஸ் ஏறி வாரேன். நீ அதை எடுத்து ஒரு கவரில் போட்டு…"

 "அதக் கட்டீட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனனுங்கப்பா. வந்து… துவைச்சுப்போட்டேன்" என்றாள். நான் போனை வைக்காமல் நின்றேன். "அப்பா? ஏனுங்கப்பா, அழுகறீங்களா? அங்க பீரோ நெறைய இருக்குதுங்களே!"

இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உருண்டைகளை அன்றே பொறுக்கி எறிந்துவிட்டேன். நூலில் ஏறிய நெடி மட்டும் மிச்சம். அந்துருண்டை உருகாமலே காற்றாகிப் போகிற பொருள். காலம் கொடுத்தால் முழுக்கப் போய்விடும். இதைச் சொல்லிக் கொடுத்தே சம்பளம் வாங்கினேன். கதவைத் திறந்து வைத்தால் சீக்கிரம் போகும். ஆனால் அதற்கு அடியில் நீ மிச்சம் இருந்தால், திறந்த கதவு வழியாக நீயும்தானே போவாய்? மூடி வைத்தால் நீ இருப்பாய், அதுவும் இருக்கும். எது முந்திப் போகும்? இந்தக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. காலையில் ஒரு விரற்கடை திறக்கிறேன். சித்த நேரத்தில் பயந்துபோய் மூடிவிடுகிறேன். மறுபடி திறக்கிறேன். ஒரு நாள் அந்த நெடி போய் வேறொரு மணம் வந்தால், அது நீதானா, இல்லை நான் ஏங்கி ஏங்கி உண்டாக்கிக்கொண்டதா என்று பிரித்தறியவும் எனக்குத் தெரியாமல் போகலாம்.

ஆனாலும் அந்த நாளில் என் மூக்கு அடைத்திருக்கக் கூடாது. ஒரு தடவை அப்படி இழந்தது போதும்.

அதனால் தேய்த்த கெண்டியைக் கழுவி, ஆறிய தண்ணீரில் சிட்டிகை உப்பைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, பின்வாசலில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்தேன். கெண்டியின் மூக்கை என் மூக்கில் வைத்ததும், தினமும் வருவதுபோல், பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் கதகதத்தது. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பாதவன் நான். இதை மட்டும் திரும்பிப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை.

"வாயில மூச்சு உடுங்க. நான் புடிச்சுட்டிருக்கறனுங்கல்ல."

வாயில் மூச்சு விட்டேன். தண்ணீர் ஒரு பக்கம் போய் மறு பக்கம் வந்தது. முகத்தை உன் துண்டால் துடைத்துக்கொண்டு பீரோவுக்குப் போகிறேன், அம்மணி.